நாவலில் இல்லாத பஸ்

அத்தியாயம் பதினொன்று

படம் ஆரணிக்கு வராது, திருவண்ணாமலையோடு நின்றுவிடும் என்று போன வாரம் லோகநாதன் வீட்டில் எல்லாரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வந்துவிட்டது. வியாழக்கிழமை மாலை தியேட்டர் வாசலில் போஸ்டர் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை ஆட்டத்துக்குப் பார்த்திபன் ஒரு வரிசையையே பிடித்துவிட்டான்.

பட்டுக்கடை வைத்திருக்கும் பார்த்திபன், அண்ணன் லோகநாதன் எழுதிய நாவலில் பத்துப் பக்கத்தைத் தாண்டியதில்லை. ஆனாலும் ஒரு மாதமாகக் கடைக்குச் சேலை எடுக்க வந்த யாரையும் அந்தப் பேச்சு இல்லாமல் அவன் வெளியே விட்டதில்லை. "எங்க அண்ணன் கதைங்க. எங்க வீட்டுக் கதை."

நாவலின் பெயர் 'கொசப்பாளையத்து மருமகள்'. லோகநாதன் மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியது. படக்காரர்கள் மருமகளை எடுத்துவிட்டு 'கொசப்பாளையம்' என்று மட்டும் வைத்தார்கள். அதற்கே அவர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. முடிந்த படத்தை முதலில் தனக்குத்தான் போட்டுக் காட்டுவார்கள் என்று நம்பியிருந்தார். காட்டவில்லை. ஊரோடு ஊராக உட்கார்ந்து பார்க்கும்படி ஆகிவிட்டது.

நாவலில் வரும் விசாலம் யார் என்பது ஊரறிந்த விஷயம். லோகநாதனின் மனைவி சூர்யகலாதான் அது. தேசூரில் பால்வாடி டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்ததும், மாமியார் அது வேண்டாம் என்று முடித்துவிட்டதும், புருஷன் வாயைத் திறக்காமல் நின்றதும் சூர்யகலாவுக்கு நடந்தவை. நாவலில் விசாலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சிரித்தபடியே அடுப்பைப் பார்க்கத் திரும்புவாள். அந்தச் சிரிப்போடு கதை முடியும். அந்தக் கடைசி வரியைப் படித்து அழுதேன் என்று சொல்லாத வாசகர் கிடையாது.

சூர்யகலா அந்த வரியை ஒரு முறை படித்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அதோடு புத்தகத்தை மூடிவிட்டாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

*

இடைவேளை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. லோகநாதன் முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட மறந்து பேசினார்.

"வரிக்கு வரி அப்படியே எடுத்திருக்காங்க. அந்தக் கெணத்தடி வசனம்கூட நான் எழுதினதுதான். ஒரு எழுத்து மாத்தல."

அவருடைய அக்கா தெய்வநாயகிக்கு வேறு விதத்தில் சந்தோஷம். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். நாவலில் வரும் நாத்தனார் அவள்தான். "புத்தகத்துல என்ன கட்டக் கொரல்காரின்னு எழுதி வச்சான். படத்துல பாரு, எவ்ளோ லட்சணமான பொண்ண போட்டுக்கிறாங்க" என்று சூர்யகலாவின் கையைத் தட்டினாள்.

சென்னையிலிருந்து படம் பார்க்கவே வந்திருந்த மகள் சரண்யா சிரித்தாள். "அப்ப புத்தகத்த விட படம்தான் உண்மைன்றீங்களா அத்தை?"

"என் வெசயத்துல அப்படித்தான்."

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள்.

மாமியார் ஆர்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லும் இடம் வந்தது. திரையில் விசாலம் கேட்டுக்கொண்டு நின்றாள். சிரித்தாள். அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். வரிசையின் கோடியில் உட்கார்ந்திருந்த லோகநாதன் நிமிர்ந்து, கைதட்டத் தயாராக இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

படம் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். விசாலம் குழந்தையை இடுப்பில் தூக்குகிறாள். வாசலில் காலுக்குக் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குகிறாள். தெரு முனைக்குப் போன பிறகுதான் குனிந்து பார்க்கிறாள். புருஷனுடைய செருப்பு. பெரியது. திரும்பிப் போகாமல் அதையே இழுத்துக்கொண்டு நடக்கிறாள்.

சூர்யகலா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

திரையில் 'போளூர்' என்று போர்டு போட்ட பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. விசாலம் ஓடிப் போய் ஏறினாள். நல்ல மழை. எங்கோ ஓர் ஆற்றங்கரை ஊர். பெயர் தெரியாத கோயில். படித்துறையில் உட்கார்ந்து குழந்தைக்கு பன்னைப் பிட்டு ஊட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பொழுது சாய்ந்ததும் திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினாள்.

இது எனக்கு நடந்தது என்று சூர்யகலா நினைத்தாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லையே என்று அடுத்து நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. விசாலம் குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, எதிரே இருந்த டீக்கடையின் பக்கவாட்டில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். அவள் புருஷன். வெறுங்கால். அவன் கூப்பிடவில்லை. அவள் நடக்கத் தொடங்கியதும் வேறு சந்தில் புகுந்து ஓடினான். அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்தான். அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

விளக்கு போட்டார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள்.

சூர்யகலா எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு அவள் வீட்டுக்குத் திரும்பியபோது லோகநாதன் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை. "புழுக்கமா இருக்கு" என்றார். வாசலில் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. பாப்பா கொட்டியிருப்பாள் என்று அன்று நினைத்தாள். ஆனால் பாப்பா அவள் இடுப்பில்தானே இருந்தாள்?

இத்தனை வருடம் அது ஏன் உறைக்கவில்லை?

"அம்மா, வா. எல்லாரும் போறாங்க" என்றாள் சரண்யா.

நடைபாதையில் லோகநாதன் யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "கடைசி கால் மணி நேரம் என் கதை இல்ல. அந்தப் பாவத்துக்கு நான் பொறுப்பு கெடையாது."

*

மத்தியானச் சாப்பாட்டில் அதே பேச்சு.

"நாவல்ல இல்லாத ஒண்ண எப்படி வைப்பாங்க? படிச்சவங்க என்ன கேக்க மாட்டாங்களா?" லோகநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"படிச்சவங்க எத்தினி பேரு, பாத்தவங்க எத்தினி பேரு?" என்றான் பார்த்திபன். "ஜனங்க கைதட்டினாங்களா இல்லியா? அத்த வுடு. ஏன் பேஜார் பண்ணிகினு இருக்க."

"அப்பா, புத்தகத்துல இருக்கறத அப்படியே எடுக்கணும்னா எதுக்குப் படம்? புத்தகத்தையே படிச்சிட்டுப் போயிடலாமே" என்றாள் சரண்யா. "எனக்குப் புடிச்ச படம் எல்லாமே ஏதோ ஒரு எடத்துல புத்தகத்த விட்டு வெலகினதுதான். அந்த எடந்தான் மனசுல நிக்குது."

"வெலகலாம்மா. ஆளையே மாத்தக் கூடாது. விசாலம் வீட்ட விட்டுப் போறவ இல்ல."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சூர்யகலாவின் கை நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

"நீ இன்னாமே சொல்ற? உன் கதை" என்று தெய்வநாயகி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி" என்றாள் சூர்யகலா. அது நிஜம்.

சாப்பாடு முடிந்ததும் பின்கட்டு அறையில் உட்கார்ந்து குஞ்சம் கட்டத் தொடங்கினாள். பார்த்திபன் கடைச் சேலைகளுக்கு முந்தானையில் குஞ்சம் போடுவது அவள் வேலை. வழக்கமாக விரல் தானாக ஓடும். இன்று இரண்டு முடிச்சு தவறி, பிரித்துக் கட்டினாள்.

சரண்யா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சூர்யகலா நிமிராமலே கேட்டாள்.

"அந்த அன்பரசு தம்பி நம்ம வீட்ல தங்கினப்ப நீ ஏதாச்சும் சொன்னியா?"

அன்பரசு அந்தப் படத்தின் உதவி இயக்குநர். போன வருடம் ஊரைப் பார்க்க வந்து, இவர்கள் வீட்டு மாடியில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியிருந்தான். எல்லாரோடும் உட்கார்ந்து கதை பேசுவான்.

"என்ன சொன்னியான்னு கேக்கற?"

"பஸ்ஸப் பத்தி."

சரண்யா அம்மாவையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒரு பஸ் ஞாபகம் இருக்கும்மா. ஜன்னல் கம்பிய நாக்கால நக்கிப் பாத்தேன். உப்பா இருந்துச்சு. நீ தடுக்கவே இல்ல. அது கனவுன்னு நெனச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஏன், அது நெஜமா?"

சூர்யகலா நூலைக் கீழே வைத்தாள்.

"உனக்கு அப்ப நாலு வயசு. ஆர்டர் வேணான்னு சொன்னாங்களே, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம. எங்க போறோம்னு எனக்கே தெரியாது. ஸ்டாண்டுல எந்த வண்டி கெளம்புச்சோ அதுல ஏறினேன். தேவிகாபுரம் வண்டி. கோயில்ல போயி உக்காந்தோம். சாயங்காலம் வரைக்கும் உக்காந்தோம். அவ்ளோதான்."

"அந்தச் செருப்பு?"

"அப்பாவோடதுதான்."

"மழ பேஞ்சுதே" என்றாள் சரண்யா.

"பேயல. வெயிலு. கோயில் கல்லு சுட்டுதுன்னு உன்ன மடியிலயே வச்சிகினு இருந்தேன்."

"எனக்கு மழ ஞாபகம் இருக்கேம்மா."

"அது காலைல பாத்த படம்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த நிமிடம் சூர்யகலாவுக்கே சந்தேகம் வந்தது. தேவிகாபுரத்துக் கோபுரத்தை நினைத்தால் அதன் முன்னால் படித்துறை வந்து நின்றது. பாப்பாவுக்கு அன்று என்ன வாங்கிக் கொடுத்தோம்? பன்னா, வாழைப்பழமா? வாழைப்பழம் என்றுதான் இத்தனை நாளாக நினைப்பு. இப்போது கையில் பன்தான் தெரிந்தது. கண்ணை மூடினால் தன் முகத்துக்குப் பதிலாக அந்த நடிகையின் முகம் வந்தது.

"வந்து எறங்கினப்ப அப்பா அங்க நின்னாராம்மா?"

"தெரியலயே. நான் பாக்கல."

"டைரக்டரே யோசிச்சு வச்சிருக்கலாம். அவ செருப்ப மாட்டிகினு போயிட்டா, தேடி வர்றவன் வெறுங்கால்லதானே வரணும். நல்ல டைரக்டருக்கு அது தோணும்."

"அப்ப செருப்பு எப்படித் தோணுச்சு?"

சரண்யா போனை எடுத்து அன்பரசுவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள்.

சூர்யகலா மறுபடி நூலை எடுத்தாள். மகளிடம் சொல்லாதது ஒன்று இன்னும் இருந்தது. அன்று அவள் போனதைவிட, திரும்பி வந்ததுதான் அவளுக்கு வலி. ஒரு மத்தியானம் முழுக்க இரண்டு உயிர் வீட்டில் இல்லை. எங்கே போனாய் என்று மாமியார் கேட்கவில்லை. புருஷன் கேட்கவில்லை. நான் இல்லாததை இந்த வீட்டில் யாரும் கவனிக்கக்கூட இல்லை என்று அன்று இரவு முடிவு கட்டியவள், அந்த முடிவோடுதான் இவ்வளவு காலமும் சமைத்துப் போட்டாள். இப்போது ஒரு சினிமா வந்து, ஒருவன் கவனித்தான் என்கிறது. நம்புவதா, வேண்டாமா?

*

மாலை ஐந்து மணிக்கு நூலக மாடியில் பாராட்டுக் கூட்டம். வாசகர் வட்டத்துச் செயலாளர் அருள்தாஸ் ஏற்பாடு. 'கதையும் படமும்' என்று தலைப்பு எழுதி ஒட்டியிருந்தார். நாற்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

பேச்சு சூடாகத்தான் போனது. நாவலை வாங்கிவிட்டு அதை மாற்றி எடுப்பது மோசடி என்றார் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர். சின்ன வயதில் வாரப் பத்திரிகையில் ஓவியத்தோடு படித்த கதை எல்லாம் படமாக வந்தபோது முகம் மாறிப் போனதே என்று வருத்தப்பட்டார் இன்னொருவர். போளூரிலிருந்து வந்திருந்த மணிமேகலை என்ற வாசகி எழுந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. விசாலம் சிரிச்சிகினே திரும்பற எடத்துல எனக்கு அழுக வரல, கோவம் வந்துச்சு. அந்தப் புத்தகத்த ரொம்ப நாளு தொடவே இல்ல. இன்னிக்குப் படத்துல அவ பஸ் ஏறினதும்தான் போயி மறுபடியும் எடுத்துப் படிக்கணும்னு இருக்குது. எனக்குப் படந்தான் புடிச்சிது."

கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். லோகநாதனின் முகம் சுண்டிவிட்டது. மைக்கை வாங்கினார்.

"படம் அவங்க இஷ்டம். ஆனா விசாலத்த நான் அறிவேன். பக்கத்துலயே இருந்து பாத்து எழுதினவன் நான். மனசு சரியில்லன்னு கொழந்தயத் தூக்கிகினு தேவிகாபுரம் கோயில்ல போயி உக்கார்ற பொம்பள இல்ல அவ. அது பொய்."

மேலும் ஏதோ பேசினார். சூர்யகலாவுக்குக் காதில் விழவில்லை.

படத்தில் வந்தது போளூர் பஸ். ஆற்றங்கரைக் கோயில். தேவிகாபுரம் என்ற பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. நாவலிலும் இல்லை. அந்தப் பெயரை அவள் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது இன்று மத்தியானம், மகளிடம். சரண்யாவைத் திரும்பிப் பார்த்தாள். சரண்யாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை, நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அருள்தாஸ், "நம்ம விசாலம் அம்மாவே வந்திருக்காங்க. ரெண்டு வார்த்த சொல்லட்டும்" என்றார்.

சூர்யகலா எழுந்தாள். எல்லாரும் திரும்பினார்கள். மைக்கைப் பிடித்திருந்த லோகநாதன் அவளைப் பார்க்காமல் மேஜை மேலிருந்த சால்வையைப் பார்த்தார்.

"புத்தகமும் படிச்சேன். படமும் பாத்தேன்" என்றாள். "எது சரின்னு கேட்டா, காலைல தெரியல. இப்ப இன்னும் கொழப்பமா இருக்குது."

ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று கூட்டம் சிரித்தது. அவள் உட்கார்ந்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் லோகநாதன் நேராக மாடிக்குப் போனார். சூர்யகலா பின்னாலேயே போனாள். அவர் சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு சரியாக வராமல் உதறி உதறி மடித்தார்.

"தேவிகாபுரம்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

அவர் கை நின்றது. தப்பு எங்கே நடந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஸ்டாண்டுல டைம் கீப்பர் சொன்னாரு" என்றார்.

"எப்ப?"

"அன்னிக்கு. தூங்கி எழுந்து பாத்தேன். நீயும் இல்ல, பாப்பாவும் இல்ல. செருப்பும் இல்ல. எனக்கு ஒண்ணும் ஓடல. அப்படியே ஓடினேன். தேவிகாபுரம் வண்டில ஏறினாங்கன்னு அவருதான் சொன்னாரு. அந்தப் பக்கத்துல இருந்து வர்ற ஒவ்வொரு வண்டியாப் பாத்துகினே நின்னேன்."

"சாயங்காலம் வரைக்கும்?"

"ஆமா."

"உங்க அம்மா கேக்கலயா?"

"நீ உங்க அக்கா வீட்டுக்குப் போயிருக்கறன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன்."

மாமியார் ஏன் கேட்கவில்லை என்பதற்கு இவ்வளவு சின்னக் காரணம்தானா? சூர்யகலாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. வந்தது கோபம்.

"என்ன ஏங்க கூப்பிடல?"

"கூப்பிட்டு என்ன சொல்றது? வேலைக்குப் போன்னு சொல்லணும். அம்மாவ எதுத்து அத்த சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

"சரி. புத்தகத்துல ஏன் எழுதல?"

"எழுதினா நீ வீட்ட விட்டுப் போனது ஊருக்கே தெரிஞ்சிடும் இல்ல."

"நான் போனது மட்டுமா தெரியும்? நீங்க செருப்பு இல்லாம ஒளிஞ்சிகினு நின்னதும் தெரியும்."

லோகநாதன் கையிலிருந்த சால்வையை மறுபடி மடிக்கத் தொடங்கினார்.

"நான் சிரிச்சேன்னு எழுதினீங்களே. நான் சிரிக்கவே இல்லீங்க."

"எனக்குச் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார் அவர். அது பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் அவளை இன்னும் குழப்பியது. இருவரும் ஒரே சமையலறையில்தான் நின்றிருந்தார்கள். அவள் முகத்தில் அவர் ஒன்றைப் பார்த்திருக்கிறார். அவளுக்குள் வேறு ஒன்று இருந்திருக்கிறது.

அவர் கேட்டார். "ஒண்ணு கேக்கறேன். திரும்பி வரலாம்னு அங்க எப்ப முடிவு பண்ண? ரொம்ப வருஷமா அத்த யோசிச்சிருக்கறேன். அதுக்காகத்தான் அந்த நாவலே எழுதினேன்னுகூட சொல்லலாம்."

"நான் முடிவே பண்ணல" என்றாள் சூர்யகலா. "பாப்பா தூங்கிட்டா. வண்டி வந்துச்சு. ஏறிட்டேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முந்நூறு பக்கம் எழுதியவருக்கு அதன்மேல் கேட்க ஒன்றும் இல்லை.

அவள் போய்க் கட்டிலின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கோபம் தீரவில்லை. ஆனாலும் வெறுங்காலோடு டீக்கடைப் பக்கம் நின்ற அந்த ஆள் இப்போது நடிகன் முகத்தோடு வரவில்லை. ஒல்லியாக, அடர்த்தியான மீசையோடு, அந்தக் காலத்து லோகநாதனாகவே வந்து நின்றான். அவனை அப்படியே விட்டுவிட்டுத் திரும்ப மனசு வரவில்லை.

"அப்புறம் ஏன் அத்தப் போயி டைரக்டர்கிட்ட சொன்னீங்க? சொல்லிட்டு மேடையில பொய்யின்றீங்க?"

லோகநாதன் திடுக்கிட்டார். "நானா? நான் எங்க சொன்னேன்? படத்துல அத்தப் பாத்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீதான் சொல்லியிருக்கறன்னு நெனச்சேன். என்னப் பாத்துட்ட, இத்தினி வருஷமா தெரியாத மாதிரி இருந்திருக்க, இப்ப ஊரறிய காட்டிட்டன்னு நெனச்சிகினு இருந்தேன். அந்த ஆத்திரத்துலதான் பொய்யின்னு பேசினேன்."

"நான் உங்களப் பாக்கவே இல்லியே."

"அப்ப யாரு சொன்னாங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு போனதையும் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அவர் சந்து வழியாக ஓடி வந்து பேப்பரை விரித்ததையும் அதே ஆள் பார்த்திருக்க வேண்டும்.

படியில் காலடி கேட்டது. சரண்யா போனை நீட்டிக்கொண்டே வந்தாள். "அன்பரசு வாய்ஸ் அனுப்பியிருக்காரு. நான் இன்னும் முழுசா கேக்கல."

அழுத்தினாள். பின்னணியில் வண்டிச் சத்தம். அன்பரசு தயங்கித் தயங்கிப் பேசினான்.

"சாரிங்க சரண்யா. அந்த சீன் நாங்க யோசிச்சது இல்ல. நான் அங்க தங்கினப்போ உங்க வீட்லயே ஒருத்தர் சொன்னதுதான். நாவல்ல விட்டுட்டாங்க, படத்துலயாவது வரணும், அவங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது இத்தப் பாக்கணும்னு சொன்னாங்க. தன் பேர மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. மன்னிச்சிடுங்க."

கீழே பார்த்திபன் கடையைப் பூட்டிவிட்டு வந்த சத்தம் கேட்டது. தெய்வநாயகி அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் குரலாக மேலே வந்தது. தினம் கேட்கும் குரல்கள்தான். இன்று எல்லாமே புதிதாக இருந்தன.

"போயி நேரா கேட்டுடறேன்" என்று லோகநாதன் எழுந்தார்.

"கேக்காதீங்க" என்று சூர்யகலா அவர் கையைப் பிடித்தாள். "கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க. இந்த வீட்ல சொல்லாம இருக்கறது நம்ம ரெண்டு பேருக்கு மட்டுமா பழக்கம்?"

மகள் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்குக் காலை ஆட்டத்துக்கு டிக்கெட் போடு."

"மறுபடியுமா? யார் யாருக்கு?"

"வீட்ல இருக்கற எல்லாருக்கும். ஒருத்தர் பாக்கி இல்லாம வரணும். எனக்கு மட்டும் ஓரத்து சீட்டா பாத்துப் போடு" என்றாள் சூர்யகலா. "பஸ் வர்ற எடத்துல நான் படத்தப் பாக்கப் போறதில்ல. மொகத்தப் பாக்கப் போறேன்."